மோந்து பார்க்காத வாய்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பழைய இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக நீட்டும் ஓர் ஆலையில் நான் பர்சனல் ஆபீஸராக இருந்தேன். இது என் அறைக் கதவில் எழுதியிருந்த பெயர். கேட்டில் எனக்கு வேறு பெயர். இரண்டாவது மூக்கு.

முதல் மூக்கு எங்கள் செக்யூரிட்டித் தலைவர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், எல்லோரும் அவுல்தார் என்றே கூப்பிடுவோம். காலை ஷிப்டுக்கு வருகிறவன் கண் கொஞ்சம் சிவந்திருந்தால் போதும், "ஊது" என்பார். ஊதுவான். அவர் மூக்குக்குச் சந்தேகம் தீராவிட்டால் எனக்கு ஆள் வரும். ஆக, காலை ஆறு மணிக்கு, தோளில் தடித்த புத்தகம் வைத்த ஜோல்னாப் பையோடு, முன்பின் பழகாத ஆண்களின் வாய்க்குள் மூக்கை நீட்டி என் நாள் தொடங்கும். பீடி, பூண்டு ஊறுகாய், முந்தின நாள் கருவாடு, சொத்தைப் பல், அதன்மேல் கிராம்பு. எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார்கள். மதுவும் கொய்யா இலையும் சேர்ந்தால் மழையில் நனைந்த ஆட்டு மந்தையின் வாடை. இன்றைக்கும் கொய்யா மரத்தடியில் என்னால் நிற்க முடியாது.

நாஷ்டாவுக்கு உட்கார்ந்தால் இட்லியில் அந்த வாடை. ரயிலில் புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்தில் அந்த வாடை. உலக இலக்கியத்தை நான் படித்ததெல்லாம் அந்த நாலைந்து வருடங்களில் இப்படித்தான், பாதி மூச்சில்.

ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கித் தரும்படி எழுதிப் போட்டேன். கோப்பு மேலே போனது, மேலேயே தங்கிவிட்டது. அப்போதுதான் எப்போதோ படித்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஞாபகம் வந்தது. அதில் ஒரு போலீஸ்காரன் சந்தேகப்பட்ட ஆளைச் சாலைக் கோட்டின் மேல் நடக்கச் சொல்கிறான். மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு, கேட்டிலிருந்து டைம் ஆபீஸ் வரை இருபதடி நீளத்துக்கு மஞ்சள் கோடு இழுக்கச் சொன்னேன். குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நடக்க வேண்டும். நடந்தால் வேலை, தள்ளாடினால் வீடு. மூன்று தரம் தள்ளாடினால் விசாரணை, டிஸ்மிஸ்.

கோடு அமோக வெற்றி. பக்கத்து ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் மீட்டிங்கில் என் மூளையைப் புகழ்ந்தார். மூளைக்கு இதில் பங்கே இல்லை, எல்லாம் மூக்கு செய்த வேலை என்று நான் சொல்லவில்லை. வாழ்நாளில் நான் கண்டுபிடித்த ஒரே பொருள் அது.

ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன். பிடிபட்டவர்கள் மேல் எழுதும் புகாருக்கு ஒரு ஃபாரம் உண்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுக்கட்டாக வைத்திருப்போம். அதில் அச்சிலேயே இருக்கும்: "மேற்படி நபரின் வாயில் மது வாடை வீசியது. நடை தள்ளாடியது." முதல் வாக்கியம் மூக்குக் காலத்தது. கோடு வந்தபிறகு யார் வாயையும் யாரும் மோக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக டைப் செய்ய எனக்குச் சோம்பல். கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கோட்டில் வந்து மாட்டினார் எங்கள் கிரேன்காரர்.

பொதட்டூர்பேட்டைக்காரர், நாற்பதை நெருங்குகிற வயது, பன்னிரண்டு வருட சர்வீஸ். உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்து, சிவக்கக் காய்ந்த இரும்புக் கட்டியைத் தூக்கி இறக்குகிற வேலை. கீழே நிற்கிறவன் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருப்பான், அவ்வளவு அலுங்காமல் இறக்குவார். அப்படிப்பட்ட மனிதரின் கை ஒரு வருடத்துக்குள் அவர் சொல்பேச்சு கேட்பதை நிறுத்தியது. முதலில் புருவம் தானாக ஏறி இறங்கும். அப்புறம் தோள் ஒரு சொடுக்கு. உட்கார்ந்திருக்கும்போது கால் யாரையோ உதைக்கும். அதை மறைக்க அவரே காலைத் தூக்கி மறுகால் மேல் போட்டுக்கொள்வார், வேண்டுமென்றே செய்த மாதிரி. பேசும்போது நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடும்.

கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்தால் சாம்பார் நம் சட்டையில். சோற்றுக் கவளம் வாய்க்குப் போகிற வழியில் திசை மாறி அடுத்தவன் தட்டில் விழும். எச்சில் சோறு. ஒருவன் தட்டோடு எழுந்து போனான். அடுத்த வாரம் அந்த மேஜையே காலி. நான் என்ன செய்தேன்? மனித நேயம் பற்றி ஆயிரம் பக்க ரஷ்ய நாவல் ஒன்று பையில் இருக்க, என் தட்டை நகர்த்திக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டேன்.

முதல் தடவை கோட்டில் மூன்றாவது அடியிலேயே இடறினார்.

"நான் தொட்டதே இல்ல சார்," என்றார்.

"அல்லாரும் இதத்தான் சொல்றானுங்க," என்றார் அவுல்தார். "போன வாரம் ஒருத்தன் எங்கம்மா மேல சத்தியம்னு சொல்லிக்கினே வாந்தி எடுத்தான்."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். ஆலைக்கு வாரம் இரண்டு நாள் வந்துபோகிற டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதினார். என்னைத் தனியே கூப்பிட்டு, "மொதல்ல குடிய உடச் சொல்லுங்க," என்றார். கடிதமும் மாத்திரையும் ஒரே அளவில் வேலை செய்தன. இரண்டாம் தடவையும் இடறினார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தபிறகு, வழக்கம்போல என்னை மைக் முன்னால் தள்ளினார்கள். ஆலையின் ஆஸ்தான நகைச்சுவையாளன் நான்தான். மேனேஜர் மாதிரி பேசினேன், அவுல்தார் மாதிரி மோந்தேன். கூட்டம் இன்னும் கேட்டது. மஞ்சள் கோட்டின் மேல் ஏறி, கிரேன்காரர் மாதிரி நடந்தேன். புருவம், தோள், நாக்கு, ஒன்று விடாமல். அவ்வளவு உன்னிப்பாக நான் அவரைக் கவனித்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதே கவனத்தில் அரைவாசியை வேறு விதமாகச் செலவழித்திருக்கலாம். எண்ணூறு கைகள் தட்டின. முன்வரிசையில் அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். அவருடைய இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை. வலது கை இடது முழங்கையில் பட்டது, பிறகு காற்றில் பட்டது. நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் ஒரு சுற்று நடந்தேன்.

மூன்றாவது தடவை கோட்டுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. கிரேன் கூண்டில் கை ஒரு வெட்டு வெட்ட, கொக்கியில் தொங்கிய இரும்புக் கட்டி ஊசலாடித் தூணில் இடித்தது. கீழே இருந்தவர்கள் ஓடித் தப்பித்தார்கள். அவரைக் கூண்டிலிருந்து இறக்கியது சரி, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. இறங்கியவரை அப்படியும் கோட்டில் நடக்கவிட்டு, ஃபாரத்தை எடுத்து, மது வாடை வீசியது என்பதன் கீழ் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. குடி என்று முடிவானால் டிஸ்மிஸ். பன்னிரண்டு வருடத்துக்கு ஒன்றும் கிடைக்காது, தொழிற்பேட்டையில் வேறு எந்த ஆலையும் அவரை உள்ளே விடாது.

மறுநாள் மதியம் அவர் மனைவி கேட்டுக்கு வந்தார். பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் வேலை. விரலெல்லாம் பசை, புடவையில் பசை வாடை. பக்கத்தில் கிரேன்காரர், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான புகாரு எய்துனது?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. ரூல்ஸ்..."

"வாட வந்துச்சா?"

நான் அவுல்தாரைப் பார்த்தேன். அவுல்தார் வானத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். எங்க ஊட்டுக்காரரு வாயில வாட வந்துச்சா? இப்பவும் குட்சிட்டு வந்துகிறாருன்னுதான சொல்லுவீங்க? இந்தா, நிக்கிறாரு. மோந்து பாருங்க."

"அதெல்லாம் வேணாம்மா."

"ஏன் சார்? எய்தறதுக்கு ஆவுது, மோக்கறதுக்கு ஆவாதா?"

கேட்டில் ஷிப்டு மாறுகிற கூட்டம். எல்லோரும் பார்க்கிறார்கள். கிரேன்காரர் ஓர் அடி முன்னால் வந்து வாயைத் திறந்தார். நாக்கு வெளியே வந்து துள்ளியது, உதட்டோரம் எச்சில் வழிந்தது. நான் ஓர் அடி பின்னால் போனேன். யோசித்து எடுத்து வைத்த அடி இல்லை அது. நாலைந்து வருடம் கண்ட வாய்களை மோந்த உடம்பு தானாகப் பின்வாங்கியது. அவர் உடம்பும் தானாகத்தான் ஆடியது என்ற ஒற்றுமை அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா என் காலைப் பார்த்தார். பிறகு சத்தத்தைக் குறைத்து, என்னிடம் மட்டும் சொன்னார். கிரேன்காரரின் அப்பா பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர். அவரும் இப்படித்தான் ஆடிக்கொண்டு நடப்பாராம். ஊரில் குடிகாரன் என்று பேர். தெருப்பிள்ளைகள் கல்லெறிவார்கள். ஐம்பது வயதில் ஒருநாள் ஏரிக்கரையில் விழுந்து கிடந்தார், அவ்வளவுதான்.

"நைனா மாரி ஆவக்கூடாதுன்னு இவரு இருமல் மருந்து கூட குடிக்க மாட்டாரு சார். அதுலயும் சாராயம் கீதாமே? அதான். நீங்க வாங்க சார், எதுனா பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம். நீங்க எய்துனத நீங்களே வந்து பாருங்க."

போனேன். பச்சாதாபத்தால் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்டில் அத்தனை பேர் பார்க்க அந்த அம்மா கையை விரித்துக்கொண்டு நின்றதால் போனேன்.

சென்னைக்குப் போகிற காலை ரயிலில் ஒரு நீள இருக்கையில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கிரேன்காரரின் கை வீச்சில் எதிரே இருந்தவரின் செய்தித்தாள் கிழிந்தது. "காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு, பேஜாரு," என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்து போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். பொன்னேரியில் ஏறிய கூட்டம் கூட அந்த இருக்கையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தது. நான் எதிர் வரிசையில், ஓர் ஆள் தள்ளி, புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அவர்களோடு வந்தவன் இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும். ஒரு பக்கம் கூடத் திருப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஓர் அம்மா. அவர் கிரேன்காரரிடம் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க, விடாதீங்க," என்றார். பிடி இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, மாட்டு மடியில் பால் கறக்கிற மாதிரி போயிற்று. நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். இரண்டு எண்ணுவதற்குள் நாக்கு உள்ளே ஓடிவிட்டது. அடுத்து, தரையில் இரண்டு டைல்ஸ் சேருகிற கோட்டைக் காட்டி, "இது மேல நடங்க. குதிகால விரலோட ஒட்டி வெச்சு வெச்சு," என்றார்.

என் கோடு. என் பத்தடி. மூன்றாவது அடியில் அவர் இடறினார், டாக்டர் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "உங்க அப்பா எப்படி நடப்பாரு?"

கோரியா என்றார். உடம்பு தன்னிஷ்டத்துக்கு ஆடுகிற நோய்களில் ஒரு வகை, இது பரம்பரையாக வருகிறது, நடுவயதில் தொடங்கும், மெள்ள மெள்ள ஏறும், ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்க மருந்து உண்டு, நோயைப் போக்க இல்லை. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு நடனம் என்று பொருள். இது எனக்குத் தெரியும், எங்கோ படித்திருக்கிறேன். தெரிந்து வைத்திருந்து என்ன? ஒரு மனிதன் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அவமானப்படுகிறதைப் பார்த்துவிட்டு நடனம் என்று பெயர் வைத்தவனும், அதையே மைக் முன்னால் ஆடிக்காட்டிக் கைதட்டு வாங்கினவனும் ஒரே ஜாதி.

"பொண்ணு ஒண்ணு கீது டாக்டரம்மா. பத்தாவது படிக்குது," என்றார் அந்த அம்மா.

"வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி," என்றார் டாக்டர். அந்த அம்மா முந்தானையால் புருஷனின் வாயைத் துடைத்துவிட்டார்.

திரும்புகிற ரயிலில் கூட்டம். வேறு இடம் இல்லாமல் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணூர் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். தூங்கியதும் எல்லாம் நின்றுபோயிற்று. புருவம், தோள், கால் எல்லாம் அடங்கி, பழைய கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். தலை என் தோளில் சாய்ந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சு நேராக என் மூக்கில் வந்து மோதியது.

பல்பொடி வாசனை. வேறு ஒன்றும் இல்லை. ஆறு அங்குல தூரத்தில், இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யக் கூசித்தான் நான் இருபதடிக் கோடு போட்டேன்.

டாக்டர் சீட்டை மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"குடின்னே போவட்டும்யா. வியாதின்னு ஒத்துக்கினா நாளைக்கு அல்லாரும் ஃபர்னஸ் பொகையால வந்துச்சும்பானுங்க. அப்புறம், அந்தம்மாவுக்கு வயசுக்கு வந்த பொண்ணு கீதுல்ல? அப்பன் குடிகாரன்னா மாப்ள கெடைப்பான். பரம்பரை வியாதின்னா எவன் வருவான்? அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அருவருப்பான பேச்சு. அதைவிட அருவருப்பு, அது பொய்யும் இல்லை. குடிகாரன் வீட்டில் சம்பந்தம் செய்ய நம்மில் யாருக்கும் பெரிய தயக்கம் இல்லை. அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் சொன்னவனும் நான்தான்.

அவர் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே கேட்டார்.

"எம் மாமனாரு குடிக்காமயே குடிகாரனா செத்தாரு. இவரும் அப்டியே போவணுமா? நாளைக்கு அவளுக்கே வந்துச்சுன்னா? அவளுக்கு இன்னா பேரு வெப்பீங்க?"

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். மேனேஜர் ஒரு பக்கம், கிரேன்காரரும் அவருக்குத் துணையாகச் சங்கச் செயலாளரும் ஒரு பக்கம். நிர்வாகத்தின் சாட்சி நான். மேனேஜர் விரும்பியபடியே முந்தின நாளெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்: ஆறு அங்குல தூரத்தில் நின்று மோந்தேன், வாடை வீசியது. சின்ன வாக்கியம்தான்.

வக்கீல் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வாடை வீசியதுன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு தூரத்துல இருந்து மோந்தீங்க?"

"மோக்கவில்லை," என்றேன்.

"அப்புறம் எப்படி எழுதினீங்க?"

"நான் எழுதவில்லை. ஃபாரத்தில் அப்படி அடித்திருக்கிறது. நான் கையெழுத்து மட்டும் போடுவேன்."

"மத்த கேஸ்ல?"

"எதிலும் மோக்கவில்லை. கோடு போட்ட நாளிலிருந்து யார் வாயையும் நான் மோந்ததில்லை."

சங்கச் செயலாளர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தயார் செய்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், மூக்கில் பல்பொடி வாசனை வந்துவிட்டது. அவ்வளவுதான். அடுத்த வருடம் என் சம்பள உயர்வு எங்கோ கோப்போடு கோப்பாக மேலேயே தங்கியது, அது நியாயம்.

டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். குற்றச்சாட்டு தள்ளுபடி. உடல்நலக் குறைவால் பணி விலகல் என்று உத்தரவு வந்தது, சேர வேண்டியது சேர்ந்தது. காகிதங்களில் கையெழுத்து வாங்கக் கணவன் மனைவி இருவரையும் வரச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடும்போது பேனா மேஜையைக் கீறிக்கொண்டு போயிற்று. நான் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நானும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் ஆயுத பூஜையை ஞாபகப்படுத்தவில்லை.

"ஒரு லெட்டரு ஓணும் சார்," என்றார் அந்த அம்மா. "இவரு குடிக்கலன்னு. தமிழ்ல. கம்பெனி பேப்பர்ல, சீல் வெச்சு."

எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதுலயே எம் மாமனாரையும் சேத்து எய்துங்க. அவரும் குடிக்கல, சீக்காளின்னு. ஊருல காட்டணும். பொண்ணுகிட்ட குடுக்கணும்."

"நான் அவரைப் பார்த்ததே இல்லையேம்மா. பார்க்காத மனிதருக்கு எப்படி எழுதுவது?"

"பாக்காமதான சார் இவருக்கு எய்துனீங்க."

காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இவருடைய தந்தையார் குடிப்பழக்கம் உடையவர் அல்லர், நோயாளி என்று ஒரு வரி சேர்த்து, அதன் பக்கத்திலும் ஒரு சீல் வைத்தேன். ஆலைக்கு அந்த மனிதரோடு எந்த சம்பந்தமும் கிடையாது. செல்லாத கடிதம் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த அம்மா அதை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, பையை மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் கேட்டைத் தாண்டுகிறபோது ஷிப்டு மாறுகிற நேரம். கிரேன்காரர் கோட்டை விட்டு விலகி, கையை வீசிக்கொண்டு, அகலமாகக் காலை வைத்து நடந்து போனார். அவுல்தார் கண் சிவந்த ஒருவனைப் பிடித்து வழக்கம்போலக் கோட்டுக்குத் தள்ளினார்.

"இரு," என்றேன். "கிட்ட வா. ஊது."

பூண்டு, பீடி, சொத்தைப் பல். மது இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போகச் சொன்னேன்.